இழை எடுத்தாச்சு, உன் கையெழுத்துதான் பாக்கி

தம்பிக்கு,

நல்லா இருக்கியா. இவ்வளவு நீளமா வாட்ஸ்ஆப்ல போட்டா நீ கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டுட்டுப் போயிருவே, அதான் மெயில். ஊருக்குப் போய்ட்டு வந்தாச்சு, பிள்ளையார் நோன்பு நல்லபடியா முடிஞ்சுது, அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. இங்க பெங்களூர்ல பனி தாங்கலை, ஹலசூர் ஏரிக்கரைக்கு அப்பா வாக்கிங் போறதையே எட்டு மணிக்கு மேல வச்சுக்கிட்டாக. அவரைக்காய் சீசன் வந்துருச்சு, வி.வி.புரம் பக்கம் போனவங்க மூணு கிலோ வாங்கிட்டு வந்துட்டாக, உரிச்சு உரிச்சு என் நகமெல்லாம் கறுத்துப்போச்சு, தின்ன ரெண்டு பேரு, எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா பதில் இல்லை. பசவனகுடி கடலைக்காய் பரிஷைக்கும் போய் வறுத்தது ஒரு பை வாங்கிட்டு வந்து அப்படியே டப்பாவுல போட்டு வச்சிருக்காக, உனக்குப் பிடிக்கும்னுதான், வேற என்ன. வைட்டமின் டி மாத்திரை போடுறியா? அங்க நெதர்லாந்துல நாலரை மணிக்கே இருட்டிருதாமே, உன் கூடப்பிறந்த ஆச்சி சொன்னா.

வேலை விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் வேற பேச்சுல போயிரும். வீட்டை எடுத்து ஹோட்டல் நடத்துறவங்களோட அக்ரிமெண்ட் வர்ற பங்குனியோட முடியுது, இன்னும் ஒம்பது வருஷத்துக்கு எழுதிக் கேக்குறாங்க. ஒரு வருஷத்துக்கு மேலன்னா ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், பங்குக்காரங்க ஒருத்தர் விடாம கையெழுத்துப் போடணும்னு வக்கீல் சொல்றார். எல்லாப் பங்கும் வந்தாச்சு, சிங்கப்பூர் சித்தப்பா பங்கு உட்பட, அவுக நம்மகிட்ட பேச்சுவார்த்தை இல்லாமயே கையெழுத்தை அனுப்பிட்டாக. உன்னுது ஒண்ணுதான் பாக்கி. உனக்குக் கல்யாணம் ஆன கையோட அப்பா தன் பங்கை உன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதினாகல்ல, அவசரம் என்னன்னு நான் அப்பவே கேட்டேன், இப்ப ஒவ்வொரு பங்காளியும் போன் பண்றப்ப "அனுப்பிருவான், கொஞ்சம் வேலையா இருக்கான்"னு சொல்லிக்கிட்டு இருக்காக, பார்க்கவே கஷ்டமா இருக்கு. நீ வர முடியலைன்னா பவர் எழுதி தி ஹேக்ல இருக்கிற நம்ம எம்பசில அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணுமாம், அது இந்தியா வந்து சேர்ந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டிடணுமாம், இல்லைன்னா செல்லாதாம். வக்கீல் ட்ராஃப்ட்டை கூரியர்ல அனுப்பறேன்னு சொல்றார்.

எந்த அட்ரஸுக்கு அனுப்பச் சொல்ல?

தீபாவளிக்கு அனுப்பின பார்சல் திரும்பி வந்துருச்சு தம்பி. அந்த விலாசத்துல அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு ஸ்டிக்கர் ஒட்டி வந்துது. மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், என் மருமகளுக்குன்னு தனியா காரம் குறைச்ச முறுக்கு. நான் போஸ்ட்டுக்காரங்க தப்புன்னு சொல்லி வச்சேன், அப்பா ஒண்ணும் சொல்லலை, பார்சலைப் பிரிச்சு ஒரு தட்டுல கொட்டி தினம் சாயங்காலம் டீயோட ரெண்டு ரெண்டாத் தின்னு தீர்த்தாக, சிக்கு வாடை வந்ததுக்கு அப்புறமும். வீடு மாறியிருந்தா மாறினதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடியோல பார்க்கிறப்ப பச்சைத் திரை ஒண்ணு தெரியும்ல, அது இப்ப இல்லை, வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியுது, நான் கேக்கலை, கேட்டா சிக்னல் போயிரும். வக்கீலுக்கு அட்ரஸ் வேணும், அவ்வளவுதான்.

குத்தம் சொல்லலை. ஊர்ல ஹோட்டலுக்கு வந்திருந்த பிரெஞ்சு தம்பதி, வயசானவங்க, உன்னைப் பத்திக் கேட்டாங்க, கடல் மட்டத்துக்குக் கீழ கிடக்கிற தேசத்துல தண்ணி உள்ள வராம பார்த்துக்கிற வேலைன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன், அந்த அம்மா கண்ணை விரிச்சு அவங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதோ சொன்னாங்க. அப்புறம் அந்த கைடு பையன் வந்து, பூம்புகார்ல கடல் பொங்கி ஊரை அழிச்சதாலதான் நம்ம ஆளுங்க இங்க வந்து வீட்டை இவ்வளவு உசரத்துல கட்டினாங்கன்னு கதை சொல்ல ஆரம்பிச்சான், சொல்லட்டும், அது வழிவழியா சொல்றதுதான். ஆனா நீ சின்னப் பிள்ளைல ஐப்பசி லீவுக்குப் போறப்ப வளவு முற்றத்து மூலைல இருக்கிற அண்டாவுல ஸ்கேல் வச்சு மழையை அளந்து நோட்டுல எழுதுவே, நாலு பக்க ஓட்டுக்கூரையும் உள்பக்கமா சரிஞ்சு இவ்வளவு தண்ணியைக் கொண்டுவருதுன்னா கூரை எத்தனை சதுர அடின்னு உங்க அப்பாவைப் பெத்த ஐயாகிட்ட கேட்டு அவுகளைத் திணற அடிச்சே, அதை அந்த அம்மாகிட்ட சொல்ல எனக்கு இங்கிலீஷ் பத்தலை. அந்த நோட்டு இன்னும் பெட்டகத்துல இருக்கு.

போன கதையைச் சொல்றேன். கார்லதான் போனோம், ஓசூர், சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டைன்னு, அப்பா வழக்கம்போல திருமயத்துல நிறுத்தி கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைச்சாக, காலைத் தூக்க முடியாம ஒரு மாதிரி சாய்ஞ்சு நின்னுதான் உடைச்சாக. ஊருக்குள்ள நுழைஞ்சதும் நம்ம பக்கத்து வீடு இல்லை. மூணு தலைமுறைப் பங்கு, ஒத்துவரலை, தூணு, கதவு, நிலைன்னு கழட்டி வித்துட்டாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பார்த்தா அந்த வீட்டு கஜலட்சுமி நிலையை நிமிர்த்தி வச்சு விலை சொல்றான். செட்டிநாடுன்னா 96 ஊர்னு சொல்வாங்க, இப்ப 70 சொச்சம்தான், அதுலயும் பாதி வீடு பூட்டிக் கிடக்கு. யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல நம்ம பக்கத்து ஊர்களை 2014-ல சேர்த்தாங்கன்னு ஹோட்டல்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க, பட்டியல்ல இருந்தா தூணைக் கழட்டக் கூடாதுன்னு யாராவது வந்து சொல்றாங்களா என்ன. அதனாலதான் சொல்றேன், ஹோட்டல்காரங்க மேல எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனா கூரை ஒழுகினா மறுநாள் ஓடு மாத்துறாங்க, கோடைல ஆள் வராத மாசத்துல பர்மாத் தேக்குத் தூணுக்கு எண்ணெய் தடவுறாங்க, உடைஞ்ச ஆத்தங்குடிக் கல்லுக்குப் பதிலா ஆத்தங்குடிக்கே போய் அதே பூவை கண்ணாடில ஊத்திக் காயவச்சு வாங்கிட்டு வந்து பதிக்கிறாங்க. நாம பண்ணுவோமா? ஓட்டு மேல ஏற யாரு இருக்கா?

குறையையும் சொல்லிடறேன். முகப்புல சாமான் விக்கிற கடை போட்டிருக்காங்க, ஓலைக் கொட்டான் ஒண்ணு அறுநூறு ரூபா. அப்பத்தா அந்தக் கொட்டானை வீட்டுக்கு வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் பலகாரம் போட்டுச் சும்மா கொடுத்து விடுவாக. இரண்டாங்கட்டுல சமையல் சொல்லித்தர்ற கிளாஸ், அதுல கந்தரப்பம் செய்யறதை ஒரு பையன் காட்டுறான், மாவு பதமே சரியில்லை, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அப்புறம் சுவர். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கருன்னு சொல்றது சரி, ஆனா எத்தனை முட்டைன்னு ஒவ்வொரு கைடும் ஒரு நம்பர் விடுறான், போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூடியிருக்கு, கோழி விலை மாதிரி. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல முடிஞ்சுது, அதைப் பார்த்துட்டுத்தான் நம்ம வீட்டையும் கட்டினாங்கன்னு வேற ஒருத்தன் சொல்றான், ஐயா இருந்திருந்தா அவனை வாசலை விட்டு இறக்கியிருப்பாக.

ஐப்பசி கார்த்திகைல மழைக்காகவே வர்றாங்களாம் இப்ப. வளவுல மழை கொட்டுறப்ப சுத்தி இருக்கிற பத்தித் தாழ்வாரத்துல உட்கார்ந்து காபி குடிக்கிறது ஒரு பேக்கேஜாம். மார்கழின்னா விடியக்காலம் கோலம், அப்புறம் நோன்பு, தைல வாசல்ல பொங்கல் வச்சுக் காட்டிட்டு, செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க, கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பானைன்னு வரிசை வரிசையாப் பொங்குறதைப் பார்த்தா யாருக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கும். மாசி பங்குனில கல்யாணமும், அறுபது எழுபதுன்னு சாந்தியும். அப்புறம் வெயில் வந்துருச்சுன்னா சினிமாக்காரங்களைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது.

நோன்பை இந்த வருஷம் அங்க வச்சுக்கலாம்னு அப்பாதான் சொன்னாக. இங்க நகரத்தார் சங்கத்துலயே எடுத்திருக்கலாம், எப்பவும் அப்படித்தான செய்யறோம். திருக்கார்த்திகைல இருந்து 21 நாளும் புது வேட்டில இருந்து தினம் ஒரு நூல் உருவி நானே சேர்த்து வச்சேன். சஷ்டியும் சதயமும் சேர்ந்த அன்னைக்கு சாயங்காலம் வளவுல பிள்ளையாரை வச்சு, ஆவாரம்பூ, பொரி, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் ஆச்சு. ஹோட்டல் ஆளுங்க விருந்தாளிங்களுக்கு எதிர்ப் பத்தில நாற்காலி போட்டிருந்தாங்க, கேமரா வேணாம்னு நான் சொல்லிட்டேன். இழை மாவுல அந்த நூல்ல திரிச்ச திரியைக் குத்தி ஏத்தி, நெருப்போட எடுத்து வாயில போடுறப்ப அந்த பிரெஞ்சு அம்மா ஐயோன்னு கத்திட்டாங்க. உங்க ஆச்சி பிள்ளைங்க ரெண்டும் அழகா வாயைத் திறந்து வாங்கிக்கிச்சு, சின்னது கூட அழலை. உங்க ஆச்சி ரெண்டு இழை எடுத்தா. புரியுதா? மூணாவது மாசம், யாருக்கும் சொல்லலை இன்னும், நீ போன் பண்ணி விசாரி, நான் சொன்னதா சொல்லாதே.

உங்க ரெண்டு பேருக்கும் நான் ரெண்டு திரி திரிச்சிருந்தேன். வராதவங்க இழையை வீட்டுல மூத்தவங்க எடுத்துக்கிறதுதான நம்ம வீட்டு வழக்கம். அப்பா உன்னுதை எடுத்துக்கிட்டாக. அவளுதைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தாக. நான் என்ன சொல்ல. திரி எரிஞ்சு மாவு உருகி விரலுக்கு வருது, சுடுது, அப்பவும் வச்சுக்கிட்டு நிக்கிறாக. அப்புறம் போட்டுக்கிட்டாக. உதட்டுல சுட்டு நாலு நாள் பொக்குளம் இருந்துச்சு. திரும்பி வர்றப்ப நாமக்கல் தாண்டினதுக்கு அப்புறம், "அவன் இளைச்சிருக்கானா, போன்ல பார்த்தா தெரியுதா?"ன்னு கேட்டாக, அவ்வளவுதான். மாத்திரை போடு. வெயில் இல்லாத ஊர்ல மனசு ஒரு மாதிரி ஆகும்னு டாக்டரே சொல்றாங்க, சாப்பாட்டையும் நேரத்துக்குச் சாப்பிடு, தனியா இருந்தாலும்... அதாவது ஆபீஸ்ல தனியா சாப்பிட்டாலும்.

கார்த்திகைல காரைக்குடில ஒரு கல்யாணம், அங்க சம்பந்தி ஆச்சியைப் பார்த்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாக, ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாக, "எல்லாம் நல்லபடியா இருக்கும் ஆச்சி"ன்னாக, நான் என்ன கேட்டேன் அவுககிட்ட? ஒண்ணுமே கேக்கலை. பந்திக்கு உட்காராம போயிட்டாக. நம்ம பக்கத்துக் கல்யாணத்துல சாப்பிடாம போறவங்களை நான் பார்த்ததே இல்லை.

சரி, அதை விடு.

ஊர்ல நம்ம அறைலதான் தங்கினோம், கீழைப் பத்தில மூணாவது. இப்ப 107-ன்னு பித்தளைல நம்பர் அடிச்சு, உள்ளுக்குள்ள குளியலறை, ஏசி. ராத்திரி தூக்கம் வரலை, வளவுல வந்து உட்கார்ந்தேன். வரிசையா எல்லாக் கதவும் மூடி, ஒவ்வொரு கதவு மேலயும் ஒரு சின்ன விளக்கு. பகல்ல கைடு சொல்றான், ஒவ்வொரு கல்யாணமான பையனுக்கும் ஒரு அறை, வேறு வச்சுத் தனி அடுப்பு, ஆனா ஒரே கூரை, கூட்டுக்குடும்பத்தோட பெருமைன்னு. அந்த அறையில யார் இருந்தாங்கன்னு அவன் சொல்றது இல்லை. ஆம்பளைங்க எங்க இருந்தாங்க? மெட்ராஸ்ல கப்பல் ஏறி ரங்கூன் போனா ஒரு கணக்கு மூணு வருஷம். வந்து கொஞ்ச மாசம் இருந்துட்டு, ஒரு பிள்ளையைக் கொடுத்துட்டு, மறுபடி மூணு வருஷம். முகல் தெருவுல பெட்டியடில உட்கார்ந்து வட்டிக்கணக்குப் பார்த்தவங்க காசுலதான் தூணு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல் எல்லாம் வந்துது, ஆனா அந்தக் கல்லுல நடந்தது பூரா பொம்பளைங்க கால்தான். அறைக்கு ஒருத்தி. கடுதாசி வந்தா உண்டு. யாரும் யாரையும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க, எல்லா அறையும் அப்படித்தான இருந்துச்சு.

பெரிய அப்பத்தாவை உனக்குத் தெரியாது, உங்க ஆச்சிக்கு லேசா ஞாபகம் இருக்கும். நான் கல்யாணமாகி வந்தப்ப அவுகளுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவுக வீட்டுக்காரர் பெகு பக்கம் கடை வச்சிருந்தவுக. 1930-க்கு அப்புறம் நெல் விலை விழுந்து கடன் வாங்கினவங்க கட்ட முடியாம நிலமெல்லாம் செட்டியாருங்க கைக்கு வந்துச்சு, கீழ் பர்மால நாலுல ஒரு பங்கு நிலம்னு சொல்வாங்க, காசு வராம நிலம் வந்தா என்ன பண்றது, பார்த்துக்க ஆள் வேணும், அப்படித்தான் அவுக வர்றது குறைஞ்சு போச்சுன்னு ஒரு பேச்சு. அங்க வேற குடும்பம் இருந்துச்சுன்னு இன்னொரு பேச்சு. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப நம்ம ஊர் ஆளுங்க பாதிப்பேர் அரக்கான் வழியா, அஸ்ஸாம் வழியான்னு நடந்தே வந்து சேர்ந்தாங்க, அவுக வரலை. செத்துட்டாகன்னு சேதியும் வரலை. 1948-ல நிலத்தையெல்லாம் அந்த நாட்டு சர்க்கார் எடுத்துக்க சட்டம் போட்டுச்சு, 1963-ல பேங்கையும் எடுத்துக்கிட்டான், மிச்சம் இருந்தவங்களும் அடுத்த வருஷம் வெறுங்கையோட வந்தாங்க, அந்தக் கூட்டத்துலயும் இல்லை. பெரிய அப்பத்தா பூவையும் பொட்டையும் எடுக்கலை. ஒவ்வொரு நோன்புக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து 21 நூல் எடுத்துத் திரிச்சு, அந்த இழையையும் தானே எடுத்துப்பாக. நம்ம கோயில் கணக்குல புருஷன் பொண்டாட்டி சேர்ந்தா ஒரு புள்ளி, ஒருத்தர் போயிட்டா அரைப்புள்ளிதான, வரி எழுத வர்றவுக ஒரு தடவை தயங்கித் தயங்கி அரைப்புள்ளின்னு போடவான்னு கேட்டதுக்கு, "புள்ளி வரி நான் முழுசாக் கட்டுறேன், முழுசா எழுது, என் வீட்டுல எத்தனை பேருன்னு உனக்கு எதுக்கு"ன்னு சொன்னாகளாம். கடைசி வரைக்கும் முழுப்புள்ளி.

எதுக்குச் சொல்றேன்னா, கோயில்ல இருந்து இந்த வருஷம் புள்ளிக் கணக்கு எடுக்குறாங்க. ஃபாரம் வந்துச்சு. உங்களுக்கு ஒரு புள்ளின்னு எழுதி, வரியையும் கட்டிட்டேன். விலாசம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல நம்ம ஹலசூர் விலாசத்தையே போட்டுட்டேன். மாத்தணும்னா சொல்லு, மாத்திக்கலாம், ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. மாத்த வேணாம்னாலும் சொல்லு. எதுவும் சொல்லாம மட்டும் இருக்காதே, உங்க அப்பா மாதிரி ஒருத்தரோட குடித்தனம் பண்றதே எனக்குப் போதும்.

அப்பாவுக்கு எழுபது வர்றது உனக்கு ஞாபகம் இருக்கும். இங்க ஹால் எடுத்துச் செய்யலாம்னு நான் சொன்னேன், வேணாம், வீட்டுல, வளவுலதான்னு பிடிவாதமா நிக்கிறாக. அக்ரிமெண்ட்லயே நம்ம விசேஷத்துக்கு வீட்டை விடணும்னு இருக்கு, பங்குனி கடைசில கேட்டிருக்கோம், பழைய அக்ரிமெண்ட் முடியறதும் புதுசு கையெழுத்து ஆகறதும் அதே வாரம்தான், எல்லாப் பங்காளியும் அங்கதான் இருப்பாங்க. ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல நீயே நேர்ல கையெழுத்துப் போட்டா எம்பசி, பவர், ஸ்டாம்ப் ஒண்ணும் வேண்டியதில்லை. கலசத் தண்ணியை பிள்ளையும் மருமகளும் சேர்ந்து நின்னு ஊத்துறதுதான் முறைன்னு ஐயர் சொன்னாரு. அவரு சொல்லுவாரு, அவருக்கு என்ன. லீவு கிடைக்காம அவளால வர முடியலைன்னா நீ ஊத்து, ஆச்சி பக்கத்துல நிப்பா, தண்ணி தண்ணிதான். யாரு கேட்டாலும் லீவு கிடைக்கலைன்னு நான் சொல்லிக்கிறேன், வெளிநாட்டுல இருக்கிறவங்க பாதிப்பேரு அப்படித்தான் வர்றாங்க. இல்லை, ஒண்ணுமே சொல்ல வேணாம்னாலும் சரிதான். ரெண்டு பேருமா வந்தா எனக்கு வேற என்ன வேணும், அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா நான் ஏதோ முடிவு பண்ணிட்டு எழுதறேன்னு நினைச்சுக்குவே. நான் ஒண்ணும் முடிவு பண்ணலை. அவகிட்ட எனக்கு எந்தக் கோவமும் இல்லை, அவ போன் நம்பர் அதேதானா? நோன்பு அன்னைக்கு மெசேஜ் போட்டேன், ஒரு டிக்தான் வந்துது.

உன் வேலை எப்படிப் போகுது. ப்ரமோஷன்னு சொன்னியே, வந்துச்சா? உங்க இன்னொரு சித்தப்பா மகன் ஏதோ கம்பெனில வைஸ் பிரசிடெண்டாம், நோன்பு அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அதைத்தான் பேசினாக, அப்பா பொறுமையாக் கேட்டுட்டு, "என் பையன் செய்யறது ஊருக்கு உதவுற வேலை"ன்னு மட்டும் சொன்னாக. நீ அதைக் கேட்டிருக்கணும். உங்கிட்ட நேர்ல அப்படிச் சொல்ல மாட்டாக, நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டேன் அவுககிட்ட. ராத்திரி லேட்டாச் சாப்பிடாதே. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை ஒண்ணு எடுத்துக்கிட்டா வைட்டமின் டி-யும் அதுலயே இருக்காம், ஆச்சி லிங்க் அனுப்புவா.

ஒண்ணு மட்டும் சீக்கிரம் சொல்லணும். பங்குனி கடைசி இன்னும் சீசன்தானாம், தைக்குள்ள ரூம் கணக்கு கொடுக்கலைன்னா வெளி ஆளுக்கு விட்டுருவோம்னு ஹோட்டல் மேனேஜர் சொல்றான், நல்ல பையன்தான், சிவகங்கைக்காரன், நம்ம வீட்டுக்கே நம்மகிட்ட கணக்குக் கேக்குறான், பரவாயில்லை. 107-ஐ யாருக்கும் கொடுக்காதேன்னு சொல்லிட்டேன். எத்தனை பேருன்னு கேட்டான், சொல்றேன்னேன். உள்ள ரெண்டு கட்டில் இருக்கு, சேர்த்துப் போடவா தனித்தனியாப் போடவா, இல்லை ஒண்ணை எடுத்துட்டு மேஜை போட்டுடவான்னு அதுக்கும் ஒரு ஃபாரம் வச்சுக்கிட்டு நிக்கிறான், எல்லாரையும் கேக்குற கேள்விதான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் பதில் சொல்லலை. நீ பார்த்து ஒரு வரி அனுப்பு, அதை அப்படியே அவனுக்கு ஃபார்வர்டு பண்ணிடறேன்.

அம்மா